சிங்க இறால் தெர்மிதோர்: முதல் தடவை செய்பவர்களுக்கு

பாரிஸில் ஒரு உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவச் சேர்ந்த புதிதில், தெர்மிதோர் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அது போகும் பீங்கான் தட்டு திரும்பி வரும்போது ஓரமெல்லாம் சீஸ் கருகி, சீமெந்து மாதிரி இறுகிப்போயிருக்கும். சுரண்டிச் சுரண்டி விரல் நுனி வலிக்கும். அந்தத் தட்டில் என்னதான் வைக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. பட்டர், மா, பால், கடுகு, கொஞ்சம் சீஸ், அதற்குள் சிங்க இறால். மெனுவில் இருந்த விலையை வைத்துப் பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன்.

வித்தையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று இருக்கிறது: இந்த இறாலை நாம் இரண்டு தடவை சூடாக்குகிறோம். முதலில் கொதிநீரில், பிறகு ஓவனில். முதல் தடவையே முழுதாக அவித்து எடுத்தால், இரண்டாம் தடவை வெளியே வருவது ரப்பர். வீட்டில் முதன்முதலாக ஒரு நத்தார் இரவுக்கு நான் செய்தது அப்படித்தான். வந்திருந்த மாமி ஒரு துண்டை வெகு நேரம் மென்றுவிட்டு, "சோஸ் நல்லாயிருக்கு, தம்பி" என்றார். இறாலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பெயர் எங்கிருந்து வந்தது

தெர்மிதோர் என்பது பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் உண்டாக்கிய நாட்காட்டியின் 11ஆவது மாதம். ஜூலை பிற்பகுதியில் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வரும் வெயில் மாதம். அந்த நாட்காட்டியின் இரண்டாம் ஆண்டு தெர்மிதோர் 9ஆம் நாள், அதாவது 1794 ஜூலை 27, புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரோபெஸ்பியேர் வீழ்ந்தார். மறுநாள் அவருடைய தலையும் கில்லட்டினில் விழுந்தது. அந்த நாட்களை வைத்து விக்தோரியன் சார்து எழுதிய 'தெர்மிதோர்' நாடகம் 1891 ஜனவரி 24 அன்று கொமெதி பிரான்சேஸ் அரங்கில் மேடையேறியது. புரட்சியை இழிவுபடுத்துகிறது என்று கூச்சல் எழும்ப, சில நாட்களிலேயே அரசு நிறுத்திவிட்டது. நாடாளுமன்றம் வரை போன சண்டை அது. நாடகத்தை இன்று தேடிப் போகிறவர்கள் குறைவு. அதன் பெயரை வாங்கிக்கொண்ட இறால் மட்டும் மெனுவில் நிற்கிறது.

எந்த உணவகத்தில் பிறந்தது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. அதிகம் சொல்லப்படுவது பாரிஸின் சான் தெனி பூல்வாரில், அதாவது அந்த அகன்ற வீதியில், இருந்த மேர் உணவகம். பாரிஸ் தமிழருக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லா சப்பலில் நம் கடைகள் வரிசையாக இருக்கும் ஃபோபூர் சான் தெனி தெருவின் மறுமுனை அந்தப் பூல்வாரில்தான் போய் முட்டுகிறது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிய பையோடு அதே தெருவில் நேரே கீழே நடந்தால், இருபது நிமிடத்தில் தெர்மிதோர் பிறந்ததாகச் சொல்லும் இடம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டால் பயம் குறையும். பிரெஞ்சுச் சமையல் மேதை எஸ்கோஃபியே 1903இல் வெளியிட்ட சமையல் வழிகாட்டியில் இதன் செய்முறை சில வரிதான். ஒமாரை, அதாவது கொடுக்குள்ள சிங்க இறாலை, நீளவாக்கில் பிளந்து மெல்லச் சுடு, சதையை எடுத்துச் சாய்வாக வெட்டு, ஆங்கிலக் கடுகு கொஞ்சம் சேர்த்த கிரீம் சோஸைக் கோதின் அடியில் ஊற்றி மேலே சதையை அடுக்கு, அதே சோஸால் மூடி இலேசாக நிறம் பிடிக்க வை. அவ்வளவுதான். இன்று உணவகங்களில் வரும் தடித்த சீஸ் போர்வை அதில் இல்லை. ஆகவே சுருக்கிச் செய்வதால் மரபை உடைக்கிறோம் என்று யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

நான் தருவது ஒரே தாச்சியில் முடியும் வீட்டு முறை. உணவகத்தில் மீன் சாறு தனியாக, வெள்ளை வைன் வற்றவைத்தது தனியாக, பெஷமெல் என்னும் பால், மா வெள்ளைச் சோஸ் தனியாக, கடைசியில் முட்டை மஞ்சள் கருவை அடித்த நுரை தனியாக என்று நான்கு சட்டி ஓடும். அதைக் கழுவுகிற ஆள் வீட்டிலும் நீங்கள்தான்.

எதை வாங்குவது

பிரெஞ்சுக்காரர் இரண்டு வகையை இரண்டு பெயரால் அழைக்கிறார்கள். முன்னால் பெரிய கொடுக்கு இரண்டு உள்ளது ஒமார். கொடுக்கில்லாமல் நீண்ட முள்மீசையோடு இருப்பது லாங்குஸ்த். ஊரில் நாம் சிங்க இறால் என்பதும், தமிழ்நாட்டில் சிங்கி இறால், கல் இறால் என்பதும் இந்த இரண்டாவது வகை. தெர்மிதோர் ஒமாருக்கென்று பிறந்தது. ஆனால் லாங்குஸ்திலும் தாராளமாகச் செய்யலாம். சதை எல்லாம் வாலில்தான் என்பதால் கொடுக்கை உடைத்துத் தோண்டும் வேலை மிச்சம். யாழ்ப்பாணத்திலோ தூத்துக்குடியிலோ இருந்து இதைப் படிக்கிறவர்கள் உங்கள் கடல் தருவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் மீன்கடைகளில் பிரெத்தான் கரையிலிருந்து வரும் கருநீல ஒமார் இருக்கும். விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். பக்கத்திலேயே கனடாவிலிருந்து வரும் பழுப்பு நிறத்தது இருக்கும். தனியே பட்டரோடு சாப்பிடுவதென்றால் நீலத்துக்குக் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு. கடுகும் சீஸும் போட்டு மூடப்போகும்போது எனக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. கனடாவை வாங்குங்கள்.

உயிருள்ளது வாங்கினால் தூக்கிப் பாருங்கள். வாலைச் சட்டென்று வயிற்றுப் பக்கம் மடக்க வேண்டும். வால் தொங்கினால் வைத்துவிட்டு வாருங்கள். இறந்த இறாலின் சதை அதன் சொந்த நொதிகளாலேயே விரைவில் குழைந்துவிடும், கிருமியும் சீக்கிரம் பெருகும். பச்சையாக இறந்து கிடப்பதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

உறைந்தது வாங்குவதில் தவறே இல்லை, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நத்தார் நேரம் சூப்பர்மார்க்கெட்டில் குவித்திருக்கும் சிவப்பு ஒமார் ஏற்கெனவே அவித்தது. அதை மறுபடி அவிக்கக் கூடாது. முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பனி உருகவிட்டு, நேரே பிளக்கும் கட்டத்துக்குப் போய்விடுங்கள். கருமையாக இருப்பது இன்னும் அவிக்காதது. பனி உருகிய பின் அதை உயிருள்ளதைப் போலவே அவிக்க வேண்டும்.

எடை 600 கிராம் அளவில் இருந்தால் போதும். சதை ஏறத்தாழ கால் பங்குதான் தேறும், மிச்சமெல்லாம் கோது. இரண்டு இறால் வாங்கினால், முக்கிய உணவாக இரண்டு பேருக்கு, முன்னுணவாக நான்கு பேருக்கு.

வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் வாளியில் போடாதீர்கள். கடல் உயிரினம், குழாய்த் தண்ணீரில் செத்துவிடும். நனைத்த துவாயில் சுற்றிப் பிரிட்ஜில் வையுங்கள், அன்றே சமையுங்கள். கொடுக்கில் போட்டிருக்கும் ரப்பர் வளையத்தை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். கழற்றினால் ஏன் என்று உங்களுக்கே தெரியவரும்.

தேவையானவை

இரண்டு சிங்க இறாலுக்கு:

பட்டர் 35 கிராம்
சின்ன வெங்காயம் 6 (பிரெஞ்சு எஷலோத் என்றால் 2)
கோதுமை மா 20 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி, சற்றுக் குமித்து
பால் 150 மில்லி, கொழுப்பு எடுக்காதது
கிரீம் 3 மேசைக்கரண்டி
வெள்ளை வைன் 60 மில்லி
கொன்யாக் பிராந்தி 1 மேசைக்கரண்டி (விரும்பினால்)
டிஜோன் கடுகு விழுது 2 தேக்கரண்டி
முட்டை மஞ்சள் கரு 1
துருவிய க்ரூயேர் அல்லது கோம்தே சீஸ் 60 கிராம்
எஸ்திராகோன் இலை, பொடியாக அரிந்தது 1 தேக்கரண்டி
மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை, மிளகு, உப்பு, தேசிக்காய் (எலுமிச்சை)

கடுகு விழுதுக்குப் பதில் நம் கடுகை அரைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், கசக்கும். டிஜோன் விழுது ஒரு சின்னப் போத்தல் மலிவுதான், வாங்கிவிடுங்கள். தெர்மிதோரை மற்றச் சீஸ் சமையலிலிருந்து பிரித்துக் காட்டுவதே அந்தக் கடுகு. எஸ்திராகோன் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். சோம்பு வாசம் அடிக்கும் இலை அது. ஒரு சிட்டிகை பெருஞ்சீரகத் தூள் தூரத்துச் சொந்தம் மாதிரி வேலை செய்யும்.

வைன், கொன்யாக் வேண்டாம் என்பவர்கள் இரண்டையும் நீக்கிவிட்டு, கடைசியில் அரைத் தேக்கரண்டி தேசிப்புளி கூடச் சேருங்கள். வைன் கொடுப்பது புளிப்புத்தான், அதை வேறு வழியில் கொடுத்தால் சரி.

அவிப்பது: பாதிதான்

உயிருள்ள இறாலை முதலில் 20 முதல் 30 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். மரத்துப்போகும். பிறகு பலகையில் வயிறு கீழே இருக்க வைத்து, கண்ணுக்குப் பின்னால் தலையின் நடுக்கோட்டில் கனமான கத்தியின் முனையை நிமிர்த்திக் குத்தி, முன்பக்கமாக ஒரே அழுத்தில் இறக்குங்கள். உயிரோடு கொதிநீரில் போடும் பழக்கத்தை, மரத்துப்போகச் செய்யாமல் அவிக்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்து 2018 மார்ச் முதல் சட்டம் போட்டே நிறுத்திவிட்டது. இதைச் செய்ய மனம் வராதவர்கள் உறைந்ததை வாங்குங்கள். பெரிய குசினிகளில் பல வருடம் நின்றவர்களுக்கே கை தயங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய பானையில் நான்கைந்து லீட்டர் தண்ணீர். லீட்டருக்கு 30 கிராம் உப்பு, கிட்டத்தட்டக் கடல்நீர் அளவு. நன்றாகக் குதித்துக் கொதிக்கும்போது தலைப் பக்கம் முதலில் போக இறக்குங்கள். 600 கிராம் ஒமாருக்கு 5 நிமிடம். லாங்குஸ்துக்கு 6.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓரிரு நிமிடத்திலேயே சிவந்துவிடும். அந்தச் சிவப்பு எப்போதும் கோதுக்குள் இருப்பதுதான். அஸ்டாசாந்தின் என்ற நிறமி ஒரு புரதத்தோடு கட்டுண்டு கருநீலமாகத் தெரிகிறது. சூடு பட்டதும் புரதம் அவிழ்ந்து சிவப்பு வெளியே வருகிறது. கோது சிவந்ததற்கும் சதை வெந்ததற்கும் தொடர்பு இல்லை. மணிக்கூட்டை நம்புங்கள்.

5 நிமிடம் முடிந்ததும் வெளியே எடுத்து, துவாயால் பிடித்துக் கொடுக்கு இரண்டையும் முறுக்கிக் கழற்றி, அவற்றை மட்டும் இன்னும் 3 நிமிடம் பானையில் விடுங்கள். கொடுக்கின் கோது தடிப்பு, உள்ளே சூடு போக நேரமெடுக்கும். உடம்பை உடனே ஐஸ் தண்ணீரில் அமுக்குங்கள். இந்த ஐஸ் தண்ணீரை யாரும் தவிர்க்கக் கூடாது. வெளியே எடுத்த பின்னும் கோதுக்குள் சூடு ஓடிக்கொண்டே இருக்கும், வெறுமனே மேசையில் வைத்தால் தானாகவே முழுக்க வெந்துவிடும். ஐந்து நிமிடத்தில் எடுத்து ஈரம் துடையுங்கள்.

பிளந்து சதை எடுப்பது

முதுகு மேலே இருக்கப் பலகையில் வைத்து, தலையும் உடம்பும் சேரும் இடத்தில் கத்தியை ஊன்றி, வால் வரை நேராக இறக்கி வெட்டுங்கள். பிறகு திருப்பித் தலைப் பக்கத்தையும் அதே கோட்டில். இரண்டு பாதி கிடைக்கும். கோணலாக வந்தால் கவலையில்லை, சோஸ் மூடிவிடும். கோது நொறுங்காமல் இருந்தால் போதும், அதுதான் நம் தட்டு.

வாலின் நடுச் சதை கண்ணாடி போல இலேசாக ஒளி ஊடுருவினால் சரியாக அவித்திருக்கிறீர்கள். முழு வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் கூடிவிட்டது, ஓவனில் நேரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம்.

தலையில் கண்ணுக்குப் பின்னால் மணல் மாதிரி நரநரவென்று ஒரு சின்னப் பை இருக்கும். அது இரைப்பை, எடுத்து எறியுங்கள். வால் நெடுக ஓடும் கறுப்புக் குடல் நரம்பையும் உருவி எறியுங்கள். பச்சைநிறக் குழம்பு மாதிரி இருப்பது ஈரல். சோஸில் கரைத்தால் ருசி தூக்கும், ஆனால் நஞ்சு சேரும் உறுப்பும் அதுதான். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், பெரியவர்களும் அளவோடு என்பதுதான் கனடா அரசின் அறிவுரை. நான் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போடுவதில்லை. பெண் இறாலாக இருந்தால் உள்ளே சினை இருக்கும். அரை வேக்காட்டில் கருப்பச்சையாகத் தெரியும், பயப்பட வேண்டாம், சோஸில் போட்டதும் செம்மஞ்சளாகும்.

வால் சதையை எடுத்து ஒன்றரை, இரண்டு சென்றிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். இதைவிடச் சின்னதாக வெட்டினால் ஓவனில் காய்ந்துபோகும். கொடுக்கைத் துவாயில் சுற்றிக் கத்தியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டி உள்ளிருப்பதை எடுங்கள். இவை எல்லாவற்றையும் காகிதத் துவாயில் பரப்பிப் பிரிட்ஜில் வையுங்கள். ஈரச் சதையைச் சோஸில் போட்டால் தண்ணீர் விட்டுக் கெட்டுவிடும்.

கோதுகளைக் கழுவித் துடைத்து, பேக்கிங் தட்டில் வெளிப்புறம் கீழே இருக்க வையுங்கள். ஆடினால் அலுமினியத் தாளைச் சுருட்டி வளையமாக்கி அடியில் கொடுங்கள்.

ஒரு கப் சாறு

இதை விட்டுவிட்டுப் பாலை மட்டும் வைத்துச் செய்தாலும் சாப்பிடலாம். ஆனால் இருபது நிமிட வேலை, சோஸ் வெறும் வெள்ளைச் சோஸாக இருக்காமல் கடல் வாசம் வருவது இதனால்தான். சின்னக் கால்களையும் கொடுக்கின் கோதையும் உரலில் இடிக்கிற மாதிரிக் கொஞ்சம் நொறுக்கி, 10 கிராம் பட்டரில் மூன்று நிமிடம் வதக்குங்கள். 300 மில்லி பச்சைத் தண்ணீர் ஊற்றி, 100 மில்லியாக வற்றும் வரை கொதிக்கவிட்டு, அழுத்தி வடித்துக்கொள்ளுங்கள். இறால் அவித்த தண்ணீரை எடுத்து ஊற்றிவிடாதீர்கள், அது கடல்நீர். நான் ஒரு தடவை சிக்கனம் பார்த்து அதைச் செய்தேன். அன்று வீட்டில் எல்லோரும் பாணும் பருப்பும் சாப்பிட்டோம்.

சோஸ்

அடி கனமான தாச்சியில் மிச்சப் பட்டர் 25 கிராமைச் சிறு தீயில் உருக்கி, மிகப் பொடியாக அரிந்த வெங்காயத்தைப் போடுங்கள். நம் கறிக்கு வதக்குகிற மாதிரிப் பொன்னிறம் வரக் கூடாது. வியர்த்துக் குழைந்து, வெள்ளையாகவே இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் எடுக்கும்.

வைனை ஊற்றி அடியில் கொஞ்சம் ஈரம் மட்டும் மிஞ்சும் வரை வற்றவையுங்கள். கொன்யாக் போடுவதென்றால் அடுப்பை அணைத்து, கரண்டியில் அளந்து ஊற்றி, பிறகு மூட்டிக் கொதிக்கவிடுங்கள். உணவகக்காரர் அதைக் கொளுத்தித் தீ எழுப்பிக் காட்டுவார்கள். நீங்கள் செய்யாதீர்கள். நான் வேலை செய்த ஒரு இடத்தில் அந்த நெருப்பு மேலே புகை உறிஞ்சியில் படிந்திருந்த எண்ணெயில் பிடித்தது. சுவைக்குக் கொதிப்பதே போதும்.

இப்போது மாவைத் தூவிக் கிளறுங்கள். இரண்டு நிமிடம், பச்சை மா வாசம் போகும் வரை. பிரெஞ்சுக் குசினியில் இதற்கு ரூ என்று பெயர். தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்து, ஆறிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கம்பியால் அடித்துக் கலக்குங்கள். முதல் இரண்டு கரண்டிப் பாலுக்குப் பசை மாதிரி இறுகும், பதறாமல் கலக்கினால் இளகும். பால் முடிந்ததும் இறால் சாறு. மறுபடி சிறு தீயில் வைத்துக் கைவிடாமல் ஐந்து நிமிடம் கிளறுங்கள்.

பதம் பார்ப்பது எப்படி? மர அகப்பையைத் தோய்த்து எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோட்டின் இரு கரையும் அப்படியே நிற்க வேண்டும், வழிந்து மூடக் கூடாது. சாதாரண வெள்ளைச் சோஸைவிட இது தடிப்பாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இறால் ஓவனில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடும்.

அடுப்பை அணையுங்கள். இனி வருவதெல்லாம் நெருப்பில்லாமல். கடுகு, மிளகாய்த்தூள், மிளகு, எஸ்திராகோன், சீஸில் பாதி. கிரீமோடு மஞ்சள் கருவைத் தனியே அடித்து, அதில் ஒரு கரண்டி சூடான சோஸைக் கலந்து பழக்கிவிட்டு, பிறகு தாச்சியில் ஊற்றிக் கலக்குங்கள். நேரே ஊற்றினால் முட்டைப் பொரியல் துணுக்குகள் மிதக்கும். கடைசியில் தேசிப்புளி நாலு துளி. அதற்குப் பிறகுதான் உப்புப் பார்க்க வேண்டும். சீஸிலும் கடுகிலும் உப்பு இருக்கிறது, பெரும்பாலும் நான் போடுவதே இல்லை.

கட்டி தட்டியிருந்தால் சீஸ் சேர்க்குமுன் வடிகட்டிவிடுங்கள். சீஸ் போட்ட பின் எண்ணெய் பிரிந்தால் சோஸ் அதிகம் சூடாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த பால் ஊற்றி அடித்தால் சேர்ந்துகொள்ளும்.

தூள் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் யாராவது ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "கொஞ்சம் கறித்தூள் போட்டால் என்ன?" என்பார். போட்டால் அது நல்ல இறால் கறியாக இருக்கலாம், தெர்மிதோராக இருக்காது. ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளே கடுகைத் தூக்கிக் காட்டத்தான்.

நிரப்பி, நிறம் பிடிக்க வைப்பது

ஒவ்வொரு கோதின் அடியிலும் ஒரு கரண்டி சோஸ். மிச்சச் சோஸில் பெரும்பகுதியோடு இறால் துண்டுகளைக் கலந்து நிரப்புங்கள். தலைப் பக்கக் குழியையும் விடாதீர்கள். கொடுக்குச் சதை அழகாக முழுதாக வந்திருந்தால் அதை மேலே வையுங்கள். கடைசிச் சோஸால் சதை எங்கும் தெரியாதபடி மூடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுதான் முதலில் காயும். மிச்சச் சீஸைத் தூவுங்கள். பாண்தூள் வேண்டாம், மொறுமொறுப்பு இந்த உணவின் குணம் இல்லை.

ஓவனை முன்கூட்டியே 200 பாகையில் சூடாக்கி, நடுத்தட்டில் 6 நிமிடம். பிறகு மேல் கம்பி மட்டும் எரியும் கிரில் நிலைக்கு மாற்றி 2 அல்லது 3 நிமிடம், தட்டுக்கும் கம்பிக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். ஓரம் குமிழியிட்டு, மேலே பழுப்புத் திட்டுகள் விழுந்ததும் எடுங்கள். இந்த மூன்று நிமிடமும் ஓவன் கதவின் முன்னே நில்லுங்கள். தொலைபேசி அடித்தாலும் எடுக்காதீர்கள். பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவே அரை நிமிடம்தான். நடுவில் ஒரு துண்டைப் பிளந்து பாருங்கள். கண்ணாடித்தன்மை போய் முழு வெள்ளையாக இருந்தால் வெந்துவிட்டது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 63 பாகை.

அவித்து உறைந்தது வாங்கியவர்கள் சோஸைச் சூடாகவே ஊற்றி, 200 பாகையில் நிற்கும் நேரத்தை 4 நிமிடமாகக் குறையுங்கள்.

ஓவனே இல்லையென்றால், மூடி உள்ள அகலத் தாச்சியில் கால் அங்குலத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு சின்னத் தட்டு வைத்து, அதில் கோதுகளை வைத்து மூடி ஏழு நிமிடம் ஆவியில் விடுங்கள். நிறம் பிடிக்காது, ருசியில் குறையில்லை.

விருந்தாட்கள் வரும் நாளில்

எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்யப் போனால் கை நடுங்கும். சோஸை முதல் நாளே செய்து வைக்கலாம். மஞ்சள் கருவும் கிரீமும் சீஸும் சேர்க்குமுன் நிறுத்தி, ஆடை கட்டாதபடி பிளாஸ்டிக் தாளைச் சோஸின் மேற்பரப்பிலேயே ஒட்டவைத்துப் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் இளஞ்சூடாக்கி மிச்சத்தைச் சேருங்கள். இறாலை அன்று காலை அவித்துச் சதை எடுத்துக் குளிரில் வைக்கலாம். அரை வேக்காடு என்பதால் அதற்கு மேல் வைக்கக் கூடாது. பகலில் நிரப்பிவைத்து இரவில் ஓவனில் வைப்பதென்றால், குளிரிலிருந்து வருவதால் 200 பாகையில் 10 முதல் 12 நிமிடம் கொடுங்கள். வருகிறவர்களில் யாருக்காவது இறால், நண்டு ஒவ்வாமை உண்டா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். அந்தச் சாறு தொட்ட கரண்டியே சிலருக்குப் போதும்.

முதல் தடவையே விலை கூடிய இறாலில் கைவைக்கத் தயக்கமாக இருந்தால், அது நல்ல தயக்கம். 300 கிராம் சாதாரண இறாலை ஒரு நிமிடம் மட்டும் கொதிநீரில் காட்டி எடுத்து, இதே சோஸோடு சின்னப் பீங்கான் கிண்ணங்களில் நிரப்பி ஒரு வாரநாளில் செய்து பாருங்கள். சோஸ் கைக்கு வந்த பிறகு சிங்க இறால் வாங்கினால் போதும்.

கூடப் பரிமாற எலுமிச்சை பிழிந்த பச்சை இலைச் சலாட், தோல் மொறுத்த பாண். வெறும் சோறும் நன்றாகப் போகும், பிரெஞ்சுக்காரரும் அப்படிச் சாப்பிடுவதுண்டு. பொரியல், சம்பல் எல்லாம் பக்கத்தில் வைத்தால் பாவம், கடுகின் சத்தம் கேட்காது.

கடைசியாக, பழைய கோப்பை கழுவும் ஆளாக ஒன்று. சாப்பிட்டு முடிந்ததும் அந்தத் தட்டுகளில் வெந்நீர் ஊற்றாதீர்கள். முட்டையும் மாவும் சீஸும் சூட்டில் இன்னும் இறுகும். பச்சைத் தண்ணீரை நிரப்பி அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் விரலால் தள்ளினாலே கழன்று வரும்.